வீட்டு ஓனர் கேட்கும் மூன்று கேள்விகள்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கேட்டில் 'டு லெட்' போர்டு தொங்கும். மணி அடித்தால் ஓனர் வருவார். கேட்டைத் திறக்காமல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே முதல் கேள்வி: "எத்தனை பேர் இருக்கீங்க?" அதற்குப் பதில் வந்ததும், "எங்க வேலை?" மூன்றாவது கேள்வி கொஞ்சம் சுற்றி வளைத்து வரும். "சொந்த ஊர் எது? சாப்பாடெல்லாம் எப்படி, வெஜ்ஜா?"

யார் எந்த மாதிரி வீட்டுக்குப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று சமூகவியலில் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சியின் முக்கால்வாசி இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். முதல் கேள்வி வாழ்க்கைக் கட்டத்தைப் பற்றியது. இரண்டாவது வர்க்கத்தைப் பற்றியது. மூன்றாவது விழுமியம், அதாவது ஒருவர் எதைப் பெரிதாக நினைக்கிறார் என்பது. நாம் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அங்கே வீடும் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

வாழ்க்கைக் கட்டம் என்றால் வயது மட்டும் அல்ல. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களில் யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது என்பதுதான் அது. அமெரிக்கச் சமூகவியலாளர் பீட்டர் ராசி, ஃபிலடெல்ஃபியா நகரத்துக் குடும்பங்கள் ஏன் வீடு மாறுகின்றன என்று ஆராய்ந்து 1955ல் வெளியிட்டார். குடும்பத்தின் அளவும் வடிவமும் மாற மாற இருக்கிற வீடு பற்றாமல் போகிறது, மாறுவதற்கு முக்கியக் காரணம் அதுதான் என்பது அவர் கண்டது. கேட்டால் 'இதற்கு ஆராய்ச்சி வேறயா' என்று தோன்றும். ஆனால் மாறுகிற நேரத்தில் நாம் சொல்லும் காரணம் வேறாக இருக்கும். "ஓனர் சரியில்லை", "தண்ணி உப்பு" என்போம். அந்த ஓனரும் அந்த உப்புத் தண்ணீரும் நான்கு வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கும்.

வேலை தேடிச் சென்னைக்கு வந்த புதிதில் நான் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் இருந்தேன். ஓர் இரும்புக் கட்டில், சுவரில் ஓர் அலமாரி, தாழ்வாரத்தின் கடைசியில் பொதுக் குளியலறை. சமையலறை இல்லை, தேவையும் இல்லை. கீழே இறங்கினால் மெஸ். ஜன்னல் இருந்ததா என்று இப்போது யோசித்தாலும் நினைவு வரவில்லை. ஜன்னலைக் கவனிக்கிற கட்டம் அது இல்லை போலிருக்கிறது. ராயப்பேட்டைக்கு நடந்து போகலாம், கடற்கரைக்கும் நடந்து போகலாம் என்பது போதுமாக இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு. லிஃப்ட் கிடையாது. மொட்டை மாடி எங்களுக்கே எங்களுக்கு என்பதால் அந்த மூன்று மாடியும் ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. மனைவிக்கு ஏழாவது மாதம் ஆனபோதுதான் மொத்தம் எத்தனை படி என்று முதல் தடவையாக எண்ணினோம். நாற்பத்திரண்டு.

அப்புறம் பள்ளிக்கூடம். குழந்தை எல்.கே.ஜி.யில் சேர்ந்த நாளிலிருந்து வரைபடத்தின் நடுப்புள்ளி அலுவலகத்திலிருந்து பள்ளிக்கு நகர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னைத் தெருக்களில் இத்தனை டெம்போக்கள் பீரோவும் கட்டிலுமாகப் போவதற்கு இதுதான் காரணம். பெண் குழந்தை வளர்ந்தால் தனி அறை வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கினால் கீழ்த்தளமோ லிஃப்டோ வேண்டும். பிள்ளைகள் வெளியூர் போனதும் மூன்று படுக்கையறை வீட்டில் இரண்டு பூட்டியே கிடக்கும். முழங்கால் வலி ஆரம்பித்தவருக்கு மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பது பள்ளிக்கூடத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்படி வரிசையாகச் சொல்லும்போது எல்லோரும் இதே ஏணியில்தான் ஏறி இறங்குகிறார்கள் என்பதுபோல் ஆகிவிடுகிறது. அப்படி இல்லை. விவாகரத்து ஆனவர், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவர், குழந்தையோடு தனியாக வாழும் பெண், திருநர் என்று ஏணிக்கு வெளியே நிற்பவர்கள் பலர். ஆனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எதிர்பார்க்கும் பதில் ஒன்றுதான்: புருஷன், பெண்டாட்டி, ஒன்றிரண்டு பிள்ளை. 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டிலேயே எழுதியிருப்பார்கள். முப்பத்தைந்து வயதில் நல்ல சம்பளம் வாங்கும் ஒரு பெண், தனி ஆள் என்ற ஒரே காரணத்துக்காக ஹாஸ்டலில் இருக்க வேண்டியிருக்கிறது என்றால், அங்கே கட்டத்தைத் தீர்மானிப்பது அவர் வாழ்க்கை அல்ல. தமிழக அரசே 'தோழி' என்ற பெயரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதிகள் நடத்துகிற அளவுக்கு இந்தத் தேவை பெரிதாகிவிட்டது.

குடும்பம் மாறும்போது வீடு மாறத்தான் வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் உள்ள விதி இல்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பாருங்கள். நடுவில் வளவு என்ற முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான மகனுக்கு அதில் ஓர் அறை. மணமான தம்பதியை ஒரு 'புள்ளி' என்று கணக்கு வைப்பார்கள். கொஞ்ச நாளில் 'வேறு வைத்தல்' நடக்கும். ஒரே கூரைக்குக் கீழ் அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனி வரவு செலவு. ஃபிலடெல்ஃபியாவில் லாரி ஏற்றித் தீர்த்த அதே பிரச்சினையை இங்கே அடுப்பைப் பிரித்துத் தீர்த்திருக்கிறார்கள்.

வாழ்க்கைக் கட்டம் பணத்தையும் பிடித்து ஆட்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 40 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரர் என்றால் அநேகமாக ஓய்வு பெறும் வயதுக்குள் கடன் முடியும்படி வங்கி பார்த்துக்கொள்ளும். 60 வயதில் ஓய்வு என்றால், 40 வயதில் வாங்குபவருக்கு 20 வருடம்; மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய். 50 வயதில் வாங்குபவருக்குப் பத்தே வருடம். தவணை சுமார் 49,600. வீடு, கடன், வட்டி எல்லாம் ஒன்றுதான். பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸும் சரியாக அந்த ஐம்பதில்தான் வந்து நிற்கும்.

"எங்க வேலை?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 'எவ்வளவு சம்பளம்' மட்டும் இல்லை. 'ஒழுங்காக வருமா, காகிதத்தில் காட்ட முடியுமா, நீ எப்படிப்பட்ட ஆள்' எல்லாம் சேர்ந்துதான் கேட்கப்படுகிறது. அதனால்தான் வர்க்கம் என்ற சொல் தேவைப்படுகிறது. வருமானம் என்ற சொல் போதவில்லை.

மாதம் 60,000 சம்பாதிக்கும் மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஐடி கம்பெனி ஊழியர். இன்னொருவர் அம்பத்தூர் பக்கம் சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். மூன்றாமவரும் ஐடி ஊழியர்தான். ஆனால் அவர் அப்பா 1985 வாக்கில் தாம்பரத்தில் ஒரு கிரவுண்டு மனை வாங்கிப் போட்டிருக்கிறார். வருமானம் ஒன்று. சம்பளச் சீட்டு இருப்பதால் முதலாமவருக்கு வங்கிக் கதவு திறக்கும். மெக்கானிக்கின் வருமானத்தில் பாதி கணக்கில் வராத ரொக்கம். வங்கி கேட்கும் வருமான வரிக் கணக்கில் அது தெரியாது. மூன்றாமவருக்குக் கட்டுமானச் செலவு மட்டும்தான்.

முதலாமவருக்குக்கூடக் கதவு முழுசாகத் திறந்துவிடாது. 50 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட்டைக் கைமாற்றி வாங்குகிறார் என்போம். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 10 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பத்திரம் போட்டால் அது நாலரை லட்சம். அதைக் கடனில் சேர்க்க முடியாது. புரோக்கர், வக்கீல் கட்டணம் எல்லாம் தனி. பதினைந்து லட்சத்தை நெருங்குகிறது. இந்தப் பதினைந்து லட்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், வர்க்கம் என்றால் என்னவென்று தெரிந்துவிடும். ஒரு வீட்டில் அப்பாவின் பி.எஃப். பணம். இன்னொன்றில் மாமனார் உதவி. மற்றொன்றில் மனைவியின் நகை மொத்தமும் அடகுக்குப் போகும். நான்காவது வீட்டில் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

மெக்கானிக் மாதிரி ஆட்களுக்கென்று நம் ஊரில் வேறொரு வழி உண்டு: லீஸ், பழைய பெயரில் ஒத்தி. ஓனரிடம் எட்டு லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் குடியிருப்பது; காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். சீட்டு எடுத்த பணம், வளைகுடாவில் சம்பாதித்த பணம் இப்படித்தான் வீடாக மாறும். ஓனருக்கு வட்டியில்லாக் கடன், குடியிருப்பவருக்கு வாடகையில்லா வீடு. இரண்டு பேருக்கும் லாபம் என்று தோன்றும், ஓனர் திருப்பித் தர வேண்டிய நாள் வரைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காலி செய்துவிட்டுப் பணத்துக்காக எட்டு மாதம் அந்த வீட்டு வாசலுக்கே நடந்தது.

அட்வான்ஸ் கதையும் இதே ரகம். பத்து மாத வாடகை அட்வான்ஸ் என்பது சென்னையின் எழுதாத சட்டமாக இருந்தது. 2019ல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகை போதும் என்றது. கூடவே, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் சரி என்று ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தது. வீடு கிடைக்காமல் நிற்பவர் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடத்தானே செய்வார்.

இதுவரை சொன்னது பணம் சார்ந்த வர்க்கம். பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் இன்னும் ஒரு படி உள்ளே போனார். நமக்கு எது பிடிக்கிறது என்பதையே வர்க்கம்தான் பழக்கியிருக்கிறது என்றார். கடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.சி.ஆர். பக்கம் 'ஸீ வியூ' என்று சொல்லி ஒரு ஃப்ளாட்டின் விலையை ஏற்றுகிறார்கள். பால்கனியில் காபி குடித்தபடி பார்ப்பதற்கான கடல் அது. மெரினா பக்கத்து நொச்சிக்குப்பத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலைப் பார்த்தபடிதான் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அது காட்சி இல்லை. நீரோட்டம் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம், படகு பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையிடம். வலை காய வைக்க இடம் வேண்டும். அந்தக் குடும்பத்தை நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இதைவிடப் பெரிய வீடு கொடுத்தால் அது நஷ்டம்.

'தேர்வு' என்ற சொல்லே பொருந்தாத இடங்களும் உண்டு. குடிசை மாற்று வாரியம் 1970ல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே அடுக்குக் குடியிருப்பு கட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. 2000 வாக்கில் தொடங்கி நகரத்தின் தெற்கு விளிம்பில் கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம் என்று பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் வந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். வாரியத்தின் பெயர் 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் அங்கே கிடைப்பது குடிசையைவிட நல்ல வீடு: கான்கிரீட் கூரை, உள்ளேயே கழிப்பறை. ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை செய்த பெண்ணுக்கு, முதல் வீட்டுக் காபிப் பாத்திரத்தைக் கழுவ காலை ஏழு மணிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டுமே. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. அந்த நேரத்தை யாரும் இலவசமாகத் தர முடியாது.

"சாப்பாடெல்லாம் எப்படி?"

சரி, மூன்றாவது கேள்வி. என்ன வேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னால் எல்லோரும் ஒரே பட்டியல்தான் போடுவார்கள்: காற்று, வெளிச்சம், நல்ல தண்ணீர், பக்கத்தில் பள்ளி, கிழக்குப் பார்த்த வாசல். அதில் விழுமியம் தெரியாது. எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள், அங்கே தெரியும். பள்ளிக்காக வெளிச்சத்தை விட்டவர் ஒருவர். கிழக்கு வாசலுக்காக அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்பவர் இன்னொருவர். நல்ல வீடு கண்ணில் பட்டும் 'ஆடி போகட்டும்' என்று காத்திருந்து அதைக் கைநழுவவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வருத்தம்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

சொந்த வீட்டு ஆசையையே எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன 50 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு 40 லட்சம் கடன், 20 வருடம் என்றால் தவணை 34,700. அதே ஃப்ளாட்டை வாடகைக்குக் கேட்டால் பதினைந்தாயிரம் பக்கம் கிடைத்துவிடும். வெறும் கணக்குப் போட்டால் வாடகைக்கு இருந்துகொண்டு மீதியைச் சேமிக்கலாம். 'எலி வளையானாலும் தனி வளை' என்று சொல்லி வளர்ந்தவர்களிடம் இந்தக் கணக்கு எடுபடாது, என்னிடமும் எடுபடவில்லை. சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம், இரவு பத்தரைக்கு கேட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், பெண் பார்க்க வருகிற இடத்தில் "சொந்த வீடா?" என்று கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்லலாம். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் மாதாமாதம் அந்த இருபதாயிரம் கூடுதலாகப் போகிறது.

யாருக்காக வீடு என்பதும் ஊருக்கு ஊர் மாறும். காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குப் போவது வழக்கம். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சீதனமாகப் பெண்ணுக்கு வீடு கொடுப்பது பழைய வழக்கம். இரண்டு பெண்கள் இருக்கும் தகப்பன் அங்கே வீட்டைப் பற்றி யோசிக்கும் விதமும், 'பையன் காலத்துக்கு ஆகும்' என்று கட்டும் நம் பக்கத்துத் தகப்பன் யோசிக்கும் விதமும் ஒன்றாக இருக்க முடியாது.

பட்டுத் தெரிந்துகொண்டதும் விழுமியமாகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னால் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடு பார்த்தவர்களில் எத்தனை பேர் ஏரி எங்கே இருந்தது என்று விசாரித்தார்கள்? இப்போது எதிர் டீக்கடையில் கேட்கிற முதல் கேள்வியே "இங்க தண்ணி நிக்குமா?" என்பதுதான். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் சம்ப் எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள்.

ஆனால் 'எங்க பழக்கவழக்கம்', 'எங்க பண்பாடு' என்று சொல்லப்படுவதை எல்லாம் அப்படியே விழுமியம் என்று ஏற்றுக்கொள்ளவும் முடியாது. ஓனரின் அந்தச் சாப்பாட்டுக் கேள்விக்குள் பல நேரம் இருப்பது சாதிக் கேள்வி அல்லது மதக் கேள்வி. நேரடியாகக் கேட்கக் கூச்சம், அதனால் கறி மீனில் ஆரம்பிக்கிறார். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த அதே கோடு, நகரத்தில் 'வெஜிடேரியன் ஒன்லி' என்று போர்டு மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கோட்டை அழிக்கத்தான் 1997ல் சமத்துவபுரம் திட்டம் வந்தது. ஒரு குடியிருப்புக்கு 100 வீடுகள். அதில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, மற்றவை பிற பிரிவினருக்கு, எல்லாம் கலந்து. பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதை அரசு ஒதுக்கீடு செய்ய வேண்டி வந்தது என்றால், தானாகத் தேர்ந்தெடுக்க விட்டபோது நாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பது புரியும்.

மூன்றும் ஒன்றோடொன்று மோதும்போது என்ன ஆகும்? ஏர்ல் மோரிஸ், மேரி வின்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1975ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அளவுகோல் உண்டு. இருக்கிற வீடு அதற்குக் குறைந்தால், முடிந்தவர்கள் வீடு மாறுவார்கள்; முடியாதவர்கள் வீட்டை மாற்றுவார்கள், அல்லது குடும்பத்தை மாற்றிக்கொள்வார்கள். பால்கனிக்குக் கிரில் அடித்து பையனுக்குப் படிக்கிற இடமாக்குவது வீட்டை மாற்றுவது. பையனைத் தாத்தா வீட்டில் விட்டுப் படிக்க வைப்பது குடும்பத்தை மாற்றுவது. எதுவும் நடக்காவிட்டால் 'நமக்கு இது போதும்' என்று அளவுகோலையே குட்டையாக்கிக்கொள்வார்கள்.

என் அம்மா விஷயத்தில் இதை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தோம். ஊரில் தனியாக இருக்கிறார், வயது எழுபத்தாறு. சென்னையில் எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் இருக்கிறது, பத்து நிமிடத்தில் மருத்துவமனை. வாழ்க்கைக் கட்டமும் வசதியும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. அழைத்து வந்தோம். பன்னிரண்டு நாள் இருந்தார். எதிர் ஃப்ளாட் கதவு எப்போதும் சாத்தியே இருப்பதை ஒரு புகார் மாதிரி தினமும் சொன்னார். பதின்மூன்றாம் நாள் பஸ் ஏற்றிவிட்டோம். கோயம்புத்தூரில் முதியவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகள் பற்றிப் பேச்செடுத்தபோது, "என்னைக் கொண்டுபோய் விடறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில் ஊர் வீட்டையே மாற்றினோம். திண்ணைப் படிக்குக் கைப்பிடி, கட்டிலை உள் அறையிலிருந்து கூடத்துக்கு நகர்த்தியது, வீட்டோடு ஒட்டி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். கொத்தனார் கூடத்துக்குப் பக்கத்திலேயே நல்ல இடம் காட்டினார், ராத்திரி நாலு எட்டு வைத்தால் போதும். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அது ஈசானிய மூலையாம். இப்போது பின்கட்டில் இருக்கிறது, பதினெட்டு எட்டு.